காஸ் வெல்டிங் சிலிண்டர் வீட்டில் இருப்பதைக் காப்புறுதிக்குச் சொல்ல வேண்டுமா?

வட்டக்கச்சி ஆசிரியர்

எல்லோருக்கும் வணக்கம். வட்டக்கச்சியில் இருக்கிறேன், விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பாடசாலை விட்ட பிறகு எனக்கு ஒரே வேலை, ஒரு பழைய ஒஸ்டின் ஏ40 காரைத் திருத்துவது. பரந்தனுக்குக் கிட்ட ஒரு பழைய இரும்புக் கடையில் சில்லுகள் இல்லாமல் வேப்பமரத்தின் கீழ்க் கிடந்ததை வாங்கி வந்தேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நோயாளிகளையும் மணமக்களையும் ஏற்றிக்கொண்டு மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்புவார்கள், அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகை மணத்தோடு வளர்ந்தவன் நான். இந்தக் காரை மீண்டும் ஏ9 வீதியில் ஓட்டாமல் விடமாட்டேன்.

காரின் தரைத்தகடு முழுவதும் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. மெல்லிய தகட்டை வளைக்கவும் ஒட்டவும், இறுகிப்போன ஆணிகளைச் சூடாக்கிக் கழற்றவும் ஒட்சிசன், அசெற்றிலீன் சிலிண்டர்கள் இரண்டும் ஒரு வெல்டிங் சுடரும் வாங்கியிருக்கிறேன். வீட்டின் பின்னால் தகரக் கொட்டில் ஒன்று. அதன் ஒரு பக்கம் குசினிச் சுவர். மறுபக்கம் வேலிக்கு அப்பால் தனியாக வாழும் ஓர் அம்மாவின் கிடுகு வீடு.

வீடு வங்கிக் கடனில் கட்டியது. தீக்காப்புறுதியை வங்கியே எடுத்தது. காட்டிய இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன். பின்னால் திறந்த தட்டுள்ள என் கப் வாகனத்துக்கு வேறொரு கம்பனியில் முழுக்காப்புறுதி. சிலிண்டர் மாற்ற அதில்தான் கிளிநொச்சிக்குப் போய்வருகிறேன்.

வாகனக் காப்புறுதி முகவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "இது உங்களுடைய பொழுதுபோக்கு, தொழில் இல்லையே சேர். சொன்னால் வீணாகக் கட்டணம் கூடும், சொல்லாமல் விடுங்கள்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு கம்பனிக்கும் சொல்ல வேண்டுமா? சொன்னால் காப்புறுதியையே நிறுத்திவிடுவார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரடிப்போக்கு கராஜ்

சேர், காப்புறுதிச் சட்டம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அதை அவர்கள் சொல்லட்டும். நான் சிலிண்டரைப் பற்றிச் சொல்கிறேன். அது முதலில் சரியாக இருந்தால்தான் கம்பனிக்காரன் பார்க்க வரும்போது உங்களால் தலைநிமிர்ந்து காட்ட முடியும்.

அசெற்றிலீன் சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், கொண்டுபோகவும் வேண்டும். உள்ளே வாயு மட்டும் இல்லை. நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருள், அதில் ஊறிய அசெற்றோன் திரவம், அதில் கரைந்த வாயு, எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சிலிண்டர். படுக்கவைத்துக் கொண்டுவந்து உடனே திறந்தால் அசெற்றோன் குழாய்க்குள் வந்துவிடும். படுத்துக் கிடந்த சிலிண்டரை நிமிர்த்திப் பல மணி நேரம் விட்ட பிறகே தொட வேண்டும். வெளியே எடுத்த வாயுவை 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு மேல் ஒருபோதும் பாவிக்கக்கூடாது. தானாகவே சிதைந்து வெடிக்கும். செப்புக் குழாயில் இணைக்கவே கூடாது.

ஒட்சிசன் பக்கத்துக்கு எண்ணெய், கிறீஸ் பட்ட கை போகக்கூடாது. கார் வேலை செய்கிறவர்களின் கை எப்போதும் கிறீஸ்தான், ஆனபடியால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வாயுவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரை மாட்டும் முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். அதே சவர்க்காரத் தண்ணீரை ஒரு பழைய பல்துலக்கியால் வால்வின் கழுத்திலும் இணைப்புகளிலும் பூசிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவென்றாலும் அந்த இடத்தில் சிறிய நுரைக்குமிழ் பொங்கி, உடைந்து, மறுபடி பொங்கும். குமிழ் வந்தால் வால்வை மூடி, கொடுத்த கடைக்கே திருப்பிக் கொடுங்கள். நீங்கள் திருகித் திருத்தப் பார்க்க வேண்டாம். நெருப்புத் திரும்பிக் குழாய்க்குள் ஓடாமல் தடுக்கும் கருவி இரண்டு சிலிண்டருக்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலையைத் தொடங்காதீர்கள்.

கப் வாகனத்தின் திறந்த தட்டில் கட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் நல்லது. மூடிய வான் வாகனத்துக்குள் அசெற்றிலீன் வைக்கக்கூடாது. காற்றில் இரண்டரை வீதம் சேர்ந்தாலே பற்றும். எண்பது வீதம் இருந்தாலும் பற்றும். வேறு எந்த எரிவாயுவுக்கும் இவ்வளவு அகலமான எல்லை இருப்பதாக நான் அறியவில்லை. ரெகுலேற்றரைக் கழற்றி, வால்வு மூடியைப் போட்டு, வாங்கியதும் நேரே வீட்டுக்கு வாருங்கள். சிலிண்டரோடு வாகனத்தைச் சந்தையில் வெயிலுக்குள் விட்டுவிட்டு மீன் வாங்கப் போகாதீர்கள்.

இன்னொன்று. தரைத்தகடு ஒட்டுவதற்கு மின்சாரத்தில் வேலை செய்யும் மிக் வெல்டிங் இயந்திரம் ஒன்று போதும். அதற்கு வேண்டிய காபனீரொட்சைட்டு எரியாது. ஆணி சூடாக்கும் வேலைக்கு மட்டும் காரை என்னிடம் இழுத்து வாருங்கள்.

ஓமந்தை மதிப்பீட்டாளர்

ஆசிரியர் ஐயா, நான் பல ஆண்டுகள் காப்புறுதி இழப்பு மதிப்பீட்டாளராக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே எரிந்த வீடுகளையும் நொறுங்கிய வாகனங்களையும் பார்த்தவன். ஒரேயடியாகச் சொல்கிறேன்: இரண்டு கம்பனிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். முகவருக்குச் சொன்னது கம்பனிக்குச் சொன்னது ஆகாது.

காரணத்தை விளக்குகிறேன். நமது நாட்டில் தீக்காப்புறுதிக்கு ஆங்கிலச் சட்டமே பொருந்தும் என்று பழைய குடியியல் சட்டக் கட்டளைச்சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் வேர் 1766இல் மான்ஸ்பீல்ட் பிரபு கொடுத்த ஒரு தீர்ப்பு. அதன் சாரம் இது: ஆபத்தைப் பற்றிய செய்தி பெரும்பாலும் காப்புறுதி எடுப்பவனுக்கு மட்டுமே தெரியும், மற்றவர் அவனை நம்பியே விலை சொல்கிறார், ஆகவே அவன் கேட்காமலே சொல்ல வேண்டும். எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. புத்தியுள்ள ஒரு காப்புறுதியாளர் ஏற்பதா மறுப்பதா, எவ்வளவு கட்டணம் என்று முடிவெடுக்கும்போது அந்தச் செய்தி அவரைப் பாதிக்குமானால் அது சொல்ல வேண்டிய செய்தி. குசினிச் சுவரோடு அசெற்றிலீன் சிலிண்டர் நிற்பது பாதிக்காதா? தொழிலா பொழுதுபோக்கா என்பது சிலிண்டருக்குத் தெரியாது.

இதில் மக்கள் அறியாத கொடுமை ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்ட பொருளால்தான் தீப்பிடித்தது என்று கம்பனி நிரூபிக்க வேண்டியதில்லை. ஏ9 வீதிக்கு ஒட்டிய ஒரு கிராமத்தில் நான் பார்த்த வீடு நினைவில் நிற்கிறது. பழைய மின்கம்பியில் தொடங்கிய தீ. கூரை முழுவதும் விழுந்துவிட்டது. பின்னறையில் வீட்டுக்காரர் ஓய்வு நேரத்தில் தளபாடங்களுக்கு வார்னிஷ் பூசுவார். தின்னர் தகரங்கள் அங்கே இருந்தன. தீ அந்த அறைக்குப் போகவே இல்லை. ஆனாலும் கம்பனி, காப்புறுதி எடுக்கும்போது நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தை எடுத்துக் காட்டியது. "எளிதில் தீப்பற்றும் பொருட்கள் வளவில் உண்டா" என்ற கேள்விக்கு "இல்லை" என்ற பெட்டியில் சரி அடையாளம். கையெழுத்து கறுப்பு மையில் இருந்தது, சரி அடையாளம் நீல மையில். அதை முகவர்தான் போட்டார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஆனால் கையெழுத்து வீட்டுக்காரருடையது. ஒரு சதமும் கிடைக்கவில்லை. அந்த மனிதர் எரிந்த கதவு நிலைகளைத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முகவர் நிரப்பினார் என்று பிறகு சொல்லிப் பயன் குறைவு. 1929இல் இங்கிலாந்தில் ஒரு பஸ் உரிமையாளரின் வழக்கு. உண்மையைச் சொன்னார், முகவர் படிவத்தில் பிழையாக எழுதினார், உரிமையாளர் கையெழுத்து வைத்தார். படிவத்தை நிரப்பும்போது முகவர் உரிமையாளருக்காகவே எழுதினார் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் படிவத்தை வங்கி அலுவலர் நிரப்பியிருப்பார். ஆகவே முதல் வேலை, வங்கிக்குப் போய் அந்தப் படிவத்தின் பிரதியையும் காப்புறுதிப் பத்திரத்தின் முழுப் பிரதியையும் கேட்டு வாங்குவது. இறுதியில் "மேற்படி பதில்களே இந்த ஒப்பந்தத்தின் அடிப்படை" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு பத்திரத்தில் இரண்டு இடங்களைப் படியுங்கள். ஒன்று, இடையில் ஏற்படும் மாற்றங்களைப் பற்றிய நிபந்தனை. கட்டடத்தின் பாவனை மாறி ஆபத்துக் கூடினால், இழப்பு நடப்பதற்கு முன்பே கம்பனியின் சம்மதம் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் காப்பு அற்றுப்போகும் என்று பல தீக்காப்புறுதிகளில் இருக்கும். நீங்கள் கையெழுத்து வைத்த நாளில் சிலிண்டர் இருக்கவில்லை என்றாலும் இந்த நிபந்தனை உங்களைப் பிடிக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது சொல்லும் கடமையும் புதிதாகப் பிறக்கிறது.

இரண்டாவது, வெடிப்பு. பழைய முறைத் தீக்காப்புறுதி தீயையும் இடியையும் காக்கும். வெடிப்பு என்றால் வீட்டுப் பாவனைக்கான எரிவாயு வெடித்தால் மட்டுமே என்று வரையறுத்திருக்கும். சமையல் காஸ் அதற்குள் வரும். வெல்டிங் காஸ் வருவதென்றால் தனியாகக் கேட்டு, கட்டணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவின் கிடுகுக் கூரைக்கு ஏதும் நடந்தால் அதற்கான பொறுப்புக் காப்பும் தானாக வராது, அதையும் கேளுங்கள்.

வாகனத்துக்கு வருகிறேன். கட்டாயமான மூன்றாந்தரப்புக் காப்பு சட்டப்படி எல்லோருக்கும் உண்டு. முழுக்காப்புறுதியில் பாவனை எல்லை என்று ஒரு பகுதி இருக்கும். ஆபத்தான பொருட்களை ஏற்றுவது விலக்கப்பட்டிருக்கிறதா என்று அங்கே தேடுங்கள். தட்டில் சிலிண்டர் கட்ட இரும்புச் சட்டம் பொருத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள், வாகனத்தில் செய்த மாற்றம் அது. கொட்டிலில் நிற்கும் ஒஸ்டின் வீட்டுப் பொருட்கள் காப்புறுதிக்குள் அடங்கும் என்று நினைக்காதீர்கள். மோட்டார் வாகனங்களை அது வழக்கமாக விலக்கிவிடும்.

நிறுத்திவிடுவார்களா என்று கேட்டீர்கள். நிறுத்தலாம். ஆனால் நான் கண்டவரை ஆளை அனுப்பிப் பார்த்து நிபந்தனை போடுவதுதான் அதிகம். மறுத்தாலும் நீங்கள் வேறு கம்பனிக்குப் போகலாம், சிலிண்டரைக் கராஜில் வைக்கலாம். வீடு எரிந்த பிறகு மறுத்தால் ஒரு வழியும் இல்லை. அப்போதும் வங்கிக் கடன் அப்படியே நிற்கும். இதை உங்கள் வீட்டுக்காரியோடு இருந்து பேசுங்கள்.

இலண்டனில் முள்ளியவளையாள்

ஆசிரியர் அண்ணா, வணக்கம். நான் இங்கே காப்புறுதித் துறையில் வேலை செய்கிறேன். ஐயா சொன்ன பழைய சட்டத்தை இங்கிலாந்து தனிநபர்களுக்கு மாற்றிவிட்டது. 2012ஆம் ஆண்டின் சட்டப்படி, கேட்ட கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். கேட்காததைத் தேடிச் சொல்லும் கடமை இப்போது இல்லை. "பதில்களே அடிப்படை" என்ற வரிக்கும் இங்கே வலு இல்லை. அந்த மாற்றம் இலங்கையிலும் செல்லும் என்று எனக்கு உறுதி இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெளிநாட்டுத் தளங்களில் "கேட்டால் மட்டும் சொல்லுங்கள்" என்று வாசித்துவிட்டு அதை வட்டக்கச்சியில் இருந்துகொண்டு நம்பிவிடாதீர்கள்.

அசெற்றிலீனுக்கு இங்கே எவ்வளவு பயப்படுகிறார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தீயில் சூடான அசெற்றிலீன் சிலிண்டர் இருப்பதாகத் தெரிந்தால் தீயணைப்புப் படையினர் சுற்றிவர 200 மீற்றருக்கு மக்களை அப்புறப்படுத்தி, 24 மணி நேரம் வீதியை மூடிவைத்த காலம் இருந்தது. வெளித் தீ அணைந்தாலும் உள்ளே வாயு தொடர்ந்து சிதைந்து பிறகு வெடிக்கலாம் என்பதே காரணம். உங்கள் வீட்டில் அப்படி நடந்தால் சிலிண்டரைத் தூக்கப் போகாதீர்கள். அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் தூரமாகப் போய்விடுங்கள்.

நான் எழுத வந்தது வேறொன்று. பழைய இரும்புக் கடையில் வாங்கியதாகச் சொன்னீர்கள். நம் மண்ணில் இரும்போடு என்னென்ன சேர்ந்து வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே எக்சிற்றர் நகரத்தில் 1942இல் ஜேர்மனியர் போட்ட குண்டு ஒன்று 2021இல் கிண்டியபோது வெளியே வந்தது. நிபுணர்கள் அதைப் பாதுகாப்பாகவே வெடிக்கவைத்தார்கள், ஆனாலும் பக்கத்துப் பல்கலைக்கழக விடுதிகள் சேதமாயின. பல்கலைக்கழகம் இழப்பீடு கேட்டது. போரினால் ஏற்பட்ட இழப்புக்குப் பணம் இல்லை என்று கம்பனி மறுத்தது. போர் முடிந்து எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அது போரினால் வந்த இழப்பே என்று 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. போர் விலக்கு உங்கள் பத்திரத்திலும் இருக்கும். காரின் பெட்டிப் பகுதிகள், கதவுக் குழிகள், மூடிய குழாய்கள் எல்லாவற்றையும் சுடர் வைக்கும் முன் திறந்து பார்த்தீர்களா? அடையாளம் தெரியாத இரும்புத் துண்டு எதையும் சூடாக்காதீர்கள், அண்ணா. காசுக்காகச் சொல்லவில்லை. இரும்பு பொறுக்கப் போனவர்களை என் ஊரிலும் இழந்திருக்கிறோம்.

கரடிப்போக்கு கராஜ்

தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் கராஜில் சட்டமே அதுதான்: என்ன என்று தெரியாத துண்டுக்குச் சுடர் இல்லை. சந்தேகமானதைத் தொடாமல், ஆட்களை விலக்கிவிட்டுப் பொலிசுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் வெடிபொருள் அகற்றுபவர்களை அழைப்பார்கள். சேர், காரின் எரிபொருள் தாங்கியையும் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். காலியான தாங்கிதான் நிறைந்த தாங்கியை விட மோசம். உள்ளே எரிபொருள் ஆவியும் காற்றும் கலந்து இருக்கும்.

வட்டக்கச்சி ஆசிரியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

காரை முழுவதும் திறந்து பார்த்தோம். குளவிக்கூடும் மண்ணும் தவிர ஒன்றும் இல்லை. தாங்கி வெளியே போய்விட்டது.

வங்கியில் படிவத்தின் பிரதி கேட்டபோது முதலில் தயங்கினார்கள். எழுத்தில் கேட்டேன், கொடுத்தார்கள். தீப்பற்றும் பொருள் பற்றிய கேள்விக்கு "இல்லை" என்று இருந்தது. அன்றைக்கு அது உண்மைதான். இரண்டு கம்பனிக்கும் தமிழில் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். என்ன சிலிண்டர்கள், எத்தனை, எந்த அளவு, எங்கே நிற்கின்றன, எதற்காக, எப்படி ஏற்றுகிறேன், எல்லாம் எழுதிப் படங்களும் வைத்தேன். முகவருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை, இப்படி ஒரு கடிதம் யாரும் எழுதியதில்லை என்றார்.

வாகனக் கம்பனி, திறந்த தட்டில், நிமிர்த்திக் கட்டி, சொந்தத் தேவைக்கு மட்டும், இரவில் வாகனத்தில் வைக்காமல் கொண்டுபோகலாம் என்று எழுதித் தந்துவிட்டது. கட்டணம் கூடவில்லை.

வீட்டுக் கம்பனி ஓர் ஆளை அனுப்பியது. அவர் கொட்டிலில் நின்று குசினிச் சுவரைத் தட்டிப் பார்த்தார், பிறகு வேலிக்கு அப்பால் கிடுகுக் கூரையை நிறைய நேரம் பார்த்தார். சிலிண்டர்களை இரண்டு வீட்டுக்கும் தூரமாக, வளவின் பின்பக்கத்தில், நிழலுள்ள திறந்த இடத்தில் சங்கிலியால் கட்ட வேண்டும், ஒட்சிசனையும் அசெற்றிலீனையும் பிரித்து வைக்க வேண்டும், தீயணைப்பான் ஒன்று வேண்டும் என்றார். எல்லாம் செய்துவிட்டேன். இப்போது கடிதம் வந்திருக்கிறது: "குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு அமைய, மேற்படி சிலிண்டர்களை வளவில் வைத்திருப்பதற்கு ஆட்சேபனை இல்லை." ஐயா, இது போதுமா?

ஓமந்தை மதிப்பீட்டாளர்

பாதிதான் போதும். வைத்திருப்பதால் காப்பு அறுந்துபோகாது என்று இந்தக் கடிதம் சொல்கிறது. அந்தச் சிலிண்டர் வெடித்தால் பணம் தருவார்களா என்று சொல்லவில்லை. இப்படி மறுபடி எழுதுங்கள்: "எனது பத்திரத்தில் வெடிப்புக்கான காப்பு வீட்டுப் பாவனை எரிவாயுவுக்கு மட்டுமா? அப்படியாயின் எனது அசெற்றிலீன், ஒட்சிசன் சிலிண்டர்களால் ஏற்படும் வெடிப்பையும், அயலவரின் வீட்டுக்கும் உயிருக்கும் ஏற்படும் சேதத்துக்கான எனது பொறுப்பையும் சேர்ப்பதற்குரிய கட்டணத்தை அறியத்தரவும்." பதில் தனிக் கடிதமாக வந்தால் போதாது, பத்திரத்தோடு இணைக்கும் திருத்தமாக, பத்திர இலக்கத்தோடும் திகதியோடும் தரச் சொல்லுங்கள். ஒரு பிரதி வங்கிக்கும் போக வேண்டும்.

இழுத்தடித்தால் முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அதற்கு மேல் கொழும்பில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. அங்கே போகும் தேவை வராது என்றே நினைக்கிறேன். உங்கள் கடிதங்கள் ஒழுங்காக இருக்கின்றன.

அந்தத் திருத்தம் கைக்கு வரும்வரை அசெற்றிலீனை வீட்டில் வைக்காதீர்கள்.

கரடிப்போக்கு கராஜ்

என்னிடம் சிலிண்டர் வைக்கும் கம்பிக் கூட்டில் இடம் இருக்கிறது, சேர். சனிக்கிழமை காலையில் கொண்டுவாருங்கள், வெயில் ஏற முன்.